அவனியாபுரம் ஃபிளெக்ஸில் ஓர் ஆப்பிரிக்க அதிபர்

1

தங்கச்சி மகளுக்குச் சடங்கு வைத்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. ஒரு நாட்டின் அதிபருக்கு நான் வலது கரம் என்பதை நான் தெரிந்துகொண்டும் அதே ஒரு வருடம்தான் ஆகிறது. அப்படியொரு பதவி எனக்கு இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. அவனியாபுரம் முக்கில் நின்ற ஃபிளெக்ஸ்தான் சொன்னது.

எந்த நாடு என்று எழுதக் கூடாது என்பது என் மனைவி தேன்மொழியின் உத்தரவு. "இம்புட்டு பட்டும் உங்க வாய் அடங்குதா பாருங்க" என்றாள். ஆகவே, ஆப்பிரிக்காவில் செம்மண்ணும் வெயிலும் உள்ள ஒரு நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வருடமாக அங்கே போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறேன். ஊரில் கேட்கிறவர்களிடம் வாட்டர் இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருந்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சடங்குக்காக மதுரை விமான நிலையத்தில் இறங்கி, காரில் அவனியாபுரத்துக்குள் நுழைந்ததும் என் மகள் கயல் "அப்பா, நீங்க" என்று கத்தினாள். நிமிர்ந்து பார்த்தேன். ரெண்டு ஆள் உயரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்றைக்கும் போடாத கோட்டு எனக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். மேல் வரிசையில், நம் ஊரில் கட்சித் தலைவர்கள் படம் வருமே, அந்த இடத்தில் எங்கள் அதிபர் என் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாசகம்:

அதிபரின் வலது கரமே! நீங்கள் நினைத்தால் ஆட்சி மாறும்! சீரோடு வரும் எங்கள் தாய்மாமனே, வருக! வருக!

கீழே பதினைந்து பையன்கள், எல்லோரும் கறுப்புக் கண்ணாடி, பாதிப் பேர் காதில் போன். இவண், ஆப்பிரிக்கா பாய்ஸ்.

எல்லாம் தங்கச்சி புருஷன் கண்ணன் வேலை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறான். "எப்படி மச்சான் டிசைன்?" என்றான்.

"என்ன மாப்ள இது, வலது கரம் அது இதுன்னு?"

"மச்சான், பக்கத்துத் தெரு சடங்குக்கு மாமன்காரன் எம்.எல்.ஏ. படம் போட்ருந்தான். நம்மகிட்ட அதிபரே இருக்கும்போது சும்மா விடுவமா?"

கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று சாயங்காலம் டீ குடிக்கப் போகிற சாக்கில் அந்த முக்கு வழியாக நான் நாலு தடவை நடந்தேன். யாராவது அடையாளம் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்கத்தான். டீக்கடைக்காரர் மட்டும் ஃபிளெக்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணே, அது உங்க அண்ணனா?" என்றார்.

கயல் படம் பிடித்துத் தன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். சிரிப்பதற்காகத்தான் போட்டாள். அவள் பிறந்ததும் படிப்பதும் அங்கே. அவளுடைய கூட்டாளிகள் எல்லோரும் அங்கே. அந்த வாரம்தான் அங்கே அதிபர் தேர்தல்.

2

எங்கள் அதிபரை நாட்டில் எல்லோரும் வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் மொழியில் சொல்வார்கள், எனக்கு அது வாத்தியார் என்றே காதில் விழும். மதுரையில் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஓட்டுப் போடக் கை பரபரக்கும். எனக்கு அங்கே ஓட்டு இல்லை என்பது வேறு விஷயம்.

நிஜமாகவே அவர் கணக்கு வாத்தியார். விடையை மட்டும் எழுதினால் பாதி மார்க், வழியையும் காட்டினால்தான் முழு மார்க் என்பது அவருடைய வகுப்புச் சட்டம். மாதக் கணக்கில் சம்பளம் வராமல் வாத்தியார்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இவர் முன்னால் நின்றார். பிடித்து உள்ளே போட்டார்கள். ரெண்டு வருடம் கழித்து வெளியே வந்தவரின் இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை, கயிறு கட்டியிருந்தார் என்று எங்கள் கம்பெனி டிரைவர் கண் கலங்கச் சொல்வார். பிறகு கட்சி ஆரம்பித்து ஊர் ஊராகப் போனார். கூட்டத்துக்குக் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு போவாராம். நாட்டுக்கு எங்கிருந்து வருமானம் வருகிறது, எங்கே போகிறது என்று சாக்பீஸால் எழுதிக் காட்டுவாராம். சனங்கள் கைதட்ட மறந்து பலகையையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம்.

அவர் ஜெயித்துப் பதவியேற்ற மாதத்தில்தான் நான் அங்கே போய் இறங்கினேன். முதல் ஐந்து வருடம் அவர் பழைய காரில் போனார், சிக்னலில் நின்றார். ஒருமுறை என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் அந்தக் கார் நின்றது. உள்ளேயிருந்து அவர் கையை அசைத்தார். அதிபர் எனக்குக் கைகாட்டினார் என்று அன்றைக்கே கண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் ஈ ஓட்டினார் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஐந்து வருடத்தில் பள்ளிக்கூடங்கள் திறந்தார், மருந்து கிடைத்தது, போலீஸ்காரர்கள் என்னிடம்கூட மரியாதையாகப் பேசினார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது தடவை ஜெயித்த பிறகு சிக்னலில் நிற்பது நின்றுபோனது. முன்னாலும் பின்னாலும் கார்கள் வந்தன. கரும்பலகையை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்கக் கூடாது என்ற விதியைப் போராடிக் கொண்டுவந்தவரே அவர்தான். அவரே அதை மாற்றினார். நாட்டுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்றார்.

கடைகளில் அவர் படம் மாட்ட வேண்டும் என்று வந்தது அப்போதுதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் புதுப் படம் வரும். ஒவ்வொரு படத்திலும் அவருக்கு முடி கறுத்துக்கொண்டே போனது. நான் சொந்தக் கடை வைத்தபோது மூன்று அளவில் படம் கொண்டுவந்து காட்டினார்கள். யாரும் கேட்காமலே பெரிய அளவை வாங்கினேன். எனக்குத் தெரிந்த அரசியல் அம்புட்டுத்தான்.

3

இப்போது அந்தப் போட்டோவின் கதை. இதைத் தேன்மொழியிடம்கூட அதுவரை நான் முழுதாகச் சொன்னதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால், வாத்தியார் மூன்றாவது முறை நின்றபோது, ஊருக்கு ஒரு குழாய் என்று அறிவித்தார். நல்ல திட்டம்தான். ஆனால் தேர்தலுக்குள் திறந்து முடிக்க வேண்டும் என்று எல்லோரும் ஓடினார்கள். நான் அப்போது ஒரு கம்பெனியில் மெக்கானிக். தலைநகரிலிருந்து அரை நாள் பயண தூரத்தில் ஒரு கிராமம். மறுநாள் காலை பத்து மணிக்கு அதிபர் வந்து குழாயைத் திறக்கிறார். முதல் நாள் மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம் தண்ணீர் வந்தது. அப்புறம் மணல் வந்தது. அதற்கப்புறம் வெறும் காற்று.

கீழே தண்ணீர் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மணலை ஊதி வெளியே தள்ளிவிட்டு, மோட்டாரை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும். மூன்று நாள் வேலை. மாவட்ட அதிகாரியிடம் சொன்னேன். அவர் முகம் பேயடித்த மாதிரி ஆகிவிட்டது. "பத்து மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என் வேலை போய்விடும்" என்றார்.

அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. யோசனை என்னுடையது. அவனியாபுரத்தில் பட்டறையில் இருந்த காலத்தில், திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மோட்டார் பார்க்கப் போவேன். முகூர்த்தத்தன்று போர் மக்கர் செய்தால், பின்பக்கம் தண்ணி லாரியை நிறுத்தி ஹோஸைக் குழாய் லைனில் சொருகிவிடுவோம். பந்தியில் கை கழுவுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதையே இங்கே செய்தேன். பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் லாரியை நிறுத்தி, மண்ணுக்கடியில் ஹோஸைக் கொண்டுவந்து குழாயில் சேர்த்தேன். அதிகாரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மதுரைக்காரன் மூளை என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

காலையில் வாத்தியார் வந்தார். திருகினார். தண்ணீர் கொட்டியது. சனங்கள் ஆடினார்கள், பெண்கள் குடத்தோடு முண்டியடித்தார்கள். அவர் ஒரு கை அள்ளிக் குடித்தார். குடித்துக்கொண்டே தலையைத் தூக்கிப் பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தார். சுவருக்குப் பின்னால் லாரி இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குழாய்க்குப் பக்கத்தில் ஸ்பானரோடு நின்றது நான் மட்டும்தான். என் பக்கம் குனிந்து, இங்கிலீஷில், மெல்லக் கேட்டார்: "எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஒரு மணி நேரம் சார்" என்றேன்.

"போதும்" என்று சொல்லிவிட்டு என் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோக்காரர் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு எனக்குக் கூச்சமே வரவில்லை. பெருமையாக இருந்தது. கண்ணனுக்குப் படத்தை அனுப்பினேன். யாராவது வந்து சரி பண்ணிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. அந்தப் பக்கமாக வேலை வந்தால் பையன்களை அனுப்பிவிட்டு நான் கடையிலேயே இருந்துகொள்வேன்.

4

சீர்த்தட்டு மண்டபத்துக்குள் போய்க்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. வாத்தியார் தோற்றுவிட்டார். ரெண்டு நாள் ஒப்புக்கொள்ளவில்லை, மூன்றாம் நாள் சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

"மச்சான், தலைவர் தோத்துட்டாராமே" என்றான் கண்ணன். "ஃபிளெக்ஸக் கழட்டிரவா?"

"சடங்கு முடியட்டும் மாப்ள" என்றேன். அங்கேயும் என் புத்தி அப்படித்தான் போனது.

திரும்பிப் போனால், புது அரசு பழைய குழாய்களைப் பற்றி விசாரணை வைத்திருந்தது. நானோ குடியுரிமைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தவன். விசாவும் அந்த மாதத்தோடு முடிகிறது. குடியுரிமை கிடைக்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். கயல் அடுத்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டியவள். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளையை மதுரையில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று தேன்மொழி சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகவே கேட்டுக்கொண்டிருந்தாள்.

குடியுரிமை அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. நெற்றியில் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார். முன்னால் கோப்பு, கோப்புக்குள் ஃபிளெக்ஸ். கயல் ஸ்டேட்டஸில் போட்ட அதே படம், கலர் பிரிண்ட். வாசகத்தைப் போனில் மொழிபெயர்த்து அடியில் ஒட்டியிருந்தார்கள்.

"நீங்கள் முன்னாள் அதிபரின் வலது கரமா?"

"இல்லை மேடம்."

"நீங்கள் நினைத்தால் ஆட்சி மாறும் என்று இருக்கிறதே. இது இப்போதைய அரசுக்கு எச்சரிக்கையா?"

கீழ் வரிசையை அவர் விரலால் வருடினார். "இந்தப் பதினைந்து பேரும் யார்? எந்தப் படை?"

"படை இல்லை மேடம். ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இவர் பூக்கடை. இந்தப் பையன் பத்தாவது படிக்கிறான்."

"எல்லோரும் ஏன் கறுப்புக் கண்ணாடி?"

எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் கிடாவெட்டுக்கும் உலகத் தலைவர்கள் வந்து நிற்பார்கள், ஃபிளெக்ஸில் எழுதியதை எழுதியவனே நம்பமாட்டான் என்று இங்கிலீஷில் விளக்கினேன். என் இங்கிலீஷ் மோட்டார் பாகங்களைத் தாண்டி அவ்வளவாகப் போகாது. மதுரை ஃபிளெக்ஸை வாக்குமூலமாக எடுத்துப் படித்த முதல் அதிகாரி அவராகத்தான் இருக்கும். கடைசியில், ஒட்டியவனையே கேளுங்கள் என்று கண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். அது நான் செய்த அடுத்த தப்பு.

மல்லிகைக் கூடைகளுக்கு நடுவில் கண்ணன் தெரிந்தான். நாற்காலியில் பெரிய பதவிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கும்பிட்டான். "மாப்ள, நான் யாருமில்லைன்னு இந்த அம்மாகிட்ட சொல்லு" என்றேன்.

அவன் எனக்கு ஒரு கண்ணடித்துவிட்டு, "மேடம், மை மச்சான் வெரி வெரி பவர்" என்றான். "பிரசிடெண்ட் க்ளோஸ் ஃப்ரெண்ட். டோன்ட் ஒர்ரி."

போனை வைத்தேன். அதிகாரி எழுதிக்கொண்டார். எனக்கு அப்போது ஒன்று விளங்கியது. நான் வலது கரம் இல்லை என்று நிரூபிக்க ஒரே வழி, அந்தக் கை குலுக்கல் எதற்காக என்று சொல்வதுதான். பெரிய ஆளாக இருந்தால் நாட்டை விட்டுப் போக வேண்டும். சின்ன ஆள் என்றால் ஏமாற்றுக்காரன் என்று ஆகும். வெளியே பெஞ்சில் தேன்மொழியும் கயலும் உட்கார்ந்திருந்தார்கள். பயமாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டேன். மண்டபம், லாரி, ஹோஸ், ஒரு மணி நேரம், போதும் என்றது வரை எல்லாம்.

அதிகாரி நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "வாத்தியார் அப்படிக் கேட்டாரா?" என்றார்.

"கேட்டார் மேடம்."

"நான் அவரிடம் கணக்குப் படித்தவள்" என்றார். பிறகு, விசாரணைக் குழு அடுத்த வாரம் அந்தக் கிராமத்துக்குப் போகிறது, அங்கே வந்து சனங்கள் முன்னால் இதைச் சொல்லுங்கள், கோப்பை அப்புறம் பார்க்கலாம் என்றார். விசாவை மட்டும் ஒரு வருடம் நீட்டி முத்திரை போட்டார்.

5

பதினாறு வருடத்தில் அந்த நாட்டு மொழியில் நான் கற்றுக்கொண்டது பேரம் பேசவும் வழி கேட்கவும் மட்டும்தான். கிராமத்தில் இங்கிலீஷ் எடுபடாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும். வீட்டில் அதை நல்லாப் பேசுகிறவள் கயல் ஒருத்திதான்.

போகிற வழியில் காரில் வைத்து அவளிடம் கதையைச் சொன்னேன். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் படம் வரைந்து பரிசு வாங்கினவள். அந்தப் பரிசு இன்னும் ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்து, "அவர் கெட்டவரா, நீங்க கெட்டவரா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு பேரும் அன்னைக்கு ஒரே ஆளுதான்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

வேப்பமரத்தடியில் சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதே குழாய். அதன் மேல் துணி காயப்போட்டிருந்தார்கள். வாத்தியாருக்கும் ஓலை போயிருந்ததாம், முதுகுவலி, வரவில்லை. எனக்கு அப்படியொரு முதுகு அமையவில்லை. எழுந்து நின்று தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். கயல் அவர்கள் மொழியில் சொன்னாள். நான் செய்ததை அவள் வாயால் கேட்பது கஷ்டமாக இருந்தது. லாரி வந்த இடத்தில் குரல் கம்மியது, ஆனாலும் நிறுத்தாமல் முழுதும் சொல்லி முடித்தாள்.

கத்துவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கத்தவில்லை. ஊர்த் தலைவி, நடுவயதுப் பெண், மெல்ல எழுந்து ஏதோ சொன்னார். சில பேர் சிரித்தார்கள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"லாரி நின்னது அன்னைக்கே தெரியுமாம்ப்பா. டயர் தடம் கிடந்துச்சாம். ஆனா வாத்தியாரே அந்தத் தண்ணியக் குடிச்சாரே, அவர் திரும்ப வந்து சரி பண்ணுவாருன்னு காத்துக்கிட்டு இருந்தாங்களாம்."

உட்கார்ந்துவிட்டேன். தலைவி மறுபடியும் ஒன்று கேட்டார். கயல் என்னைக் கேட்காமல் அவளே பதில் சொன்னாள்.

"இப்ப என்ன கேட்டாங்க?"

"நெசமாவே மூணு நாள் வேலைதானான்னு."

"நீ என்ன சொன்ன?"

"திங்கக்கிழமை வாரோம்னு சொல்லிட்டேன்" என்றாள். "வாரீங்கள்ல?"

6

போனோம். அவளுக்குப் பள்ளி விடுமுறை, அவளும் வந்தாள். கம்ப்ரஸரை வைத்து முதல் நாள் முழுக்க ஊதினோம். மணலும் சேறுமாக என் மேலேயே அடித்தது. ரெண்டாம் நாள் மோட்டாரைத் தூக்கி, பைப் சேர்த்து, கீழே இறக்கினோம். இடையில் கண்ணன் கூப்பிட்டான். சின்னவனுக்குக் காதுகுத்து, புது அதிபரோடு போட்டோ எடுத்துவிட்டேனா என்று கேட்டான். சேற்றோடு நின்ற என்னைக் கயல் எடுத்து அனுப்பினாள். "மச்சான், இதை எப்படி ஃபிளெக்ஸ்ல போட?" என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஸ்விட்சைப் போட்டேன். முதலில் காற்று. அப்புறம் செக்கச் செவேலென்று வந்து, மெல்லத் தெளிந்தது. ஊர்த் தலைவி குடத்தோடு நின்றார். குடத்தை வைக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பெண்களும் வைக்கவில்லை. எல்லோரும் மண்ணில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"என்னம்மா, தண்ணி நல்லாத்தானே வருது. பிடிக்கச் சொல்லு."

"ஒரு மணி நேரம் ஆகட்டுங்கிறாங்கப்பா" என்றாள் கயல்.

நானும் உட்கார்ந்தேன். தண்ணீர் கொட்டி வாய்க்கால் போட்டு ஓடியது, கோழிகள் குடித்தன. ஒரு மணி நேரம் ஆனதும் தலைவி எழுந்தார். குழாய்ப் பக்கம் வரவில்லை. பள்ளிக்கூடச் சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கயலும் எழுந்து கூடவே போனாள்.

ரெண்டு பேரும் திரும்பி வந்தார்கள். தலைவி குடத்தைக் குழாயடியில் வைத்தார். கயல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அங்க ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.